பாஸ்கட்போல் ஜிஎம்: ஆளைப் பார்ப்பதா, இடத்தைப் பார்ப்பதா

இந்த விளையாட்டில் எனக்கு இதுவரை நான்கு தடவை வேலை போயிருக்கிறது. ஒருமுறை அணியின் காசை அள்ளி இறைத்ததால், மற்ற மூன்று முறையும் டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்கிற இடத்தில், ஆளைப் பிழையாகத் தெரிந்ததால். முகம் தெரியாத ஒரு முதலாளி கணினிக்குள் இருந்து ஒரு செய்தி அனுப்புவார், அதோடு சரி, அணி கையை விட்டுப் போய்விடும். விசுவமடுவில் வீட்டு விறாந்தையில், நுளம்புக்குப் பயந்து இரண்டு காலையும் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கேயும் இல்லாத ஓர் அணியின் பொறுப்பு போய்விட்டதே என்று சோறு இறங்காமல் இருந்த ஆள் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். பிறகு அக்காவின் மகனுக்கும் இதே பைத்தியம் பிடித்தது. இப்போது வீட்டில் இரண்டு பேர்.

பாஸ்கட்போல் ஜிஎம் என்பது இணைய உலாவியில் விளையாடும் இலவச விளையாட்டு. ஜெரமி ஷெஃப் என்பவர் உருவாக்கியது. இதில் நீங்கள் பந்து எறிவதில்லை, ஓடுவதில்லை, குதிக்கிற பொம்மைகளும் இல்லை. திரை முழுக்க எழுத்தும் எண்ணும் அட்டவணையும்தான். உங்கள் வேலை ஜெனரல் மனேஜர் வேலை. ஆளை எடுப்பது, விடுவது, மாற்றுவது, சம்பளம் பேசுவது, நுழைவுச்சீட்டு விலை வைப்பது, எல்லாம் முடிந்த பிறகு 82 ஆட்டத்தையும் கணினி ஆடிக் காட்டும்போது நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பது. ஒரு பருவத்தை ஆறுதலாக ஆடினால் ஒரு பின்னேரம் போகும், கெதியாக ஆடினால் தேநீர் ஆறுவதற்குள் முடியும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது வேறு. இதற்குப் பெரிய கணினி வேண்டாம், பழைய லப்டொப்பே போதும். பதிவு செய்யக் கேட்காது, காசு கேட்காது, விளம்பரம் வரும், அது வேண்டாம் என்றால் மட்டும் காசு கட்டலாம். முதல் தடவை பக்கம் இறங்கும்போது கொஞ்சம் டேட்டா போகும், அதன் பிறகு சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கினாலும், ஏன், முழுக்க அறுந்தாலும்கூட ஆட்டம் நிற்பதில்லை, ஏனென்றால் எல்லாம் உங்கள் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போகும்போது நான் இரண்டு பருவம் முடித்திருக்கிறேன். டேட்டாவை அரைவாசி நாள் அணைத்து வைத்துப் பழகிய எங்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று சொல்லத் தேவையில்லை.

அதே காரணத்தால் ஒரு ஆபத்தும் உண்டு. லீக் முழுவதும் உலாவிக்குள் இருப்பதால், உலாவியைத் துப்புரவாக்கினால் லீக்கும் போய்விடும். 23 பருவம் கண்ணுக்குள் வைத்து வளர்த்த லீக் ஒன்றை, "இடம் நிரம்பிப்போச்சு மாமா, தேவையில்லாததை அழிச்சனான்" என்று மருமகன் ஒரே அழுத்தில் முடித்து வைத்தான். விளையாட்டின் பிழை இல்லை, லீக்கைக் கோப்பாக எடுத்து வைக்கிற வசதி அதிலேயே இருக்கிறது, நான்தான் செய்யவில்லை. நீங்கள் தொடங்கினால் ஐந்து பருவத்துக்கு ஒருமுறையாவது கோப்பை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

சரி, டிராஃப்டுக்கு வருவோம். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் புதிதாக வருகிற இளம் ஆட்டக்காரர்களை 30 அணிகளும் முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்வார்கள். இரண்டு சுற்று. பிளேஓஃப்புக்கு, அதாவது பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கிற ஆட்டங்களுக்கு, தகுதி பெறாத 14 அணிகளும் ஒரு சீட்டிழுப்பில் இருக்கும், 2019 இல் இருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கிற வாய்ப்பு ஆளுக்கு 14 வீதம். எங்கள் ஊர்களில் மென்பந்துக் கிரிக்கெட்டுக்கு ஆட்களை ஏலம் போடுகிறார்களே, அதில் காசு உள்ளவன் நல்ல ஆளை எடுத்துக்கொண்டு போவான். இங்கே தோற்றவன் முதலில் தெரிவான். அந்த விடயத்தில் அமெரிக்கர்களை மெச்சத்தான் வேண்டும்.

உங்கள் முறை வந்ததும் கேள்வி ஒன்றுதான். பட்டியலில் இருப்பவர்களில் ஆகத் திறமையானவனை எடுப்பதா, அல்லது உங்கள் அணியில் எந்த இடம் ஓட்டையாக இருக்கிறதோ அந்த இடத்துக்கு ஆளை எடுப்பதா? உண்மையான லீக்கில் இதைப் பற்றி வருடா வருடம் சண்டை. பாஸ்கட்போல் ஜிஎம் இந்தச் சண்டையை உங்கள் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பதிலை மூன்று வருடம் கழித்துச் சொல்கிறது. அந்த மூன்று வருடக் காத்திருப்புதான் இந்த விளையாட்டின் ருசி.

என் முதல் அணியில் சென்ரருக்கு, அதாவது வளையத்துக்குக் கீழே நிற்கிற உயரமான ஆளுக்கு, வயது 34. முழங்கால் இல்லை, பாய்ச்சல் இல்லை, ஒவ்வொரு பருவமும் இரண்டு மூன்று புள்ளி இறங்கிக்கொண்டிருந்தார். டிராஃப்டில் எனக்கு நாலாவது இடம். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் இரண்டு எண் காட்டும்: இன்றைக்கு எவ்வளவு, போகப்போக எவ்வளவுக்கு வரலாம் என்று. பட்டியலில் 22 வயதுச் சென்ரர் ஒருவன் இருந்தான், இன்றைக்கு 49, வரக்கூடியது 54. அவனுக்குப் பக்கத்தில் 19 வயதுக் கார்ட் ஒருவன், வெளியே நின்று பந்தைக் கொண்டுபோகிற ஆள், இன்றைக்கு 42, வரக்கூடியது 71. எங்களிடம் ஏற்கெனவே நல்ல கார்ட் இரண்டு பேர். மூன்றாவது கார்டை வைத்து என்ன செய்வது, உப்புப் போட்டா வைப்பது? சென்ரரை எடுத்தேன். அடுத்த பருவம் ஒரு ஐந்தாறு வெற்றி கூடக் கிடைத்தது, பிளேஓஃப்புக்கும் போனோம், முதல் சுற்றிலேயே திரும்பி வந்தோம், நான் ஏதோ சாதித்த மாதிரி மருமகனுக்கு வகுப்பு எடுத்தேன்.

மூன்றாவது வருடம் அந்தக் கார்ட் வேறோர் அணியில் 74. எங்களை வருடத்துக்கு நாலு தரம் சந்திக்கிற அணி. நாலு தரமும் எங்களை உரித்துத் தொங்கப் போட்டான். என் சென்ரர் 52-இல் நின்றான், முதல் சுற்று ஆட்களுக்கு மூன்று வருட ஒப்பந்தம் என்பதால் அதே நேரம் அதுவும் முடிந்தது, சம்பளத்தைக் கூட்டிக் கேட்டான். அதற்கடுத்த வருடம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது, யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்காததுதான். "பிழை செய்தீர்" என்று ஒரு எழுத்து வராது. அந்தப் பொடியனின் பெயர் ஒவ்வொரு பருவமும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் வந்து போகும், அவ்வளவுதான். கட்டாமல் விட்ட பொம்பிளையின் கலியாணப் படத்தை வருடா வருடம் யாரோ அனுப்பி வைக்கிற மாதிரி.

பெரியப்பா இதையெல்லாம் பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கூடைப்பந்து தெரியாது, மாடு தெரியும். ஒருநாள் நான் இந்தக் கதையைச் சொல்ல, "இது மாடு வாங்கிற கதையெல்லோ" என்றார். "கறக்கிற மாட்டை வாங்கினால் நாளைக்குக் காலமை பால். நல்ல இனக் கன்றை வாங்கினால் மூண்டு வருசம் வைக்கோல் போடவேணும், அது செத்தும் போகலாம், மலடாயும் போகலாம். வீட்டில பால் குடிக்கிற பிள்ளை இருக்கோ எண்டு முதல் பார், பிறகு சந்தைக்குப் போ." எத்தனையோ ஆங்கிலக் கட்டுரை வாசித்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொல்லவில்லை.

விளையாட்டும் அந்தக் கன்றின் ஆபத்தை மறைக்கவில்லை. வரக்கூடியது 71 என்று காட்டினால் அது வாக்குறுதி இல்லை, ஒரு மதிப்பீடு. அதுவும் டிராஃப்டுக்கு முந்திய எண்களில் வேண்டுமென்றே கொஞ்சம் கலங்கல் கலந்திருக்கிறது. ஆள் தேடும் வேலைக்கு எவ்வளவு காசு ஒதுக்குகிறீர்களோ, அந்தளவுக்குக் கலங்கல் குறையும். 19 வயதுக்காரன் ஒரே கோடையில் பத்துப் புள்ளி பாய்வதும் உண்டு, அப்படியே கல்லாக நிற்பதும் உண்டு. 22 வயதுக்காரன் பெரும்பாலும் இருக்கிற இடத்தில் இருந்து அதிகம் நகரமாட்டான். ஆகவே வயதைப் பாருங்கள், எண்ணைப் பிறகு பாருங்கள். நான் மூன்று வேலை இழந்து படித்தது இது.

இன்னொரு நல்ல வசதி, உண்மையான ஆட்டக்காரர்களோடும் தொடங்கலாம், 1947 வரைக்கும் பின்னால் போகலாம். பழைய டிராஃப்ட் சண்டைகளை நீங்களே ஆடிப் பார்க்கலாம். நான் முதலில் போனது 1984-க்கு. கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஹூஸ்டன் முதல் ஆளாக ஹக்கீம் ஒலாஜுவனை எடுத்தது, அதில் ஒருவருக்கும் குறை இல்லை. இரண்டாவது போர்ட்லண்ட். அவர்களிடம் அதற்கு முந்திய வருடம் 14-ஆவது ஆளாக எடுத்த க்ளைட் ட்ரெக்ஸ்லர் இருந்தார், ஜிம் பாக்ஸனும் இருந்தார், கார்ட் இடம் நிரம்பி வழிந்தது, இல்லாதது உயரமான ஆள். ஆகவே சாம் போவியை எடுத்தார்கள், கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் கால் எலும்பு முறிந்து இரண்டு பருவம் ஆடாமல் இருந்தவரை. மூன்றாவதாகச் சிகாகோ எடுத்த கார்ட் மைக்கேல் ஜோர்டன். பிறகு ஆறு கிண்ணம். "இடத்தைப் பார்த்து ஆள் எடுக்காதே" என்று சொல்லுகிற எல்லோரும் நாற்பது வருடமாக இந்த ஒரு கதையைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள்.

அதை விட எனக்கு வலிக்கிற கதை 2009. மினசோட்டாவிடம் ஐந்தாவதும் ஆறாவதும் என்று அடுத்தடுத்து இரண்டு இடம். ரிக்கி ரூபியோவை எடுத்தார்கள், ஜொனி ஃப்ளினை எடுத்தார்கள், இரண்டு பேரும் பொயின்ற் கார்ட், ஆட்டத்தை நடத்துகிற கார்ட். ஏழாவதாகக் கோல்டன் ஸ்டேட் எடுத்தது ஸ்டீஃபன் கறி. கவனியுங்கள், கோல்டன் ஸ்டேட்டில் மொன்ரா எலிஸ் என்ற சின்ன உருவக் கார்ட் ஏற்கெனவே நன்றாக ஆடிக்கொண்டிருந்தார், இடத்தைப் பார்த்திருந்தால் கறியை எடுத்திருக்கவே கூடாது. எடுத்தார்கள். 2012-இல் எலிஸை மில்வோக்கிக்குக் கொடுத்து அன்ட்ரூ போகட் என்ற சென்ரரை வாங்கினார்கள், 2015-இல் கிண்ணம். ஓட்டையை டிராஃப்டில் அடைக்கவில்லை, கூடிப்போன கார்டைக் கொடுத்து அடைத்தார்கள். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

விளையாட்டுக்குள் 1984-ஐ மூன்று தரம் ஆடினேன், மூன்று தரமும் ஜோர்டனை எடுத்தேன், யார்தான் எடுக்கமாட்டார்கள். இரண்டு தரம் ஜோர்டன் ஜோர்டனாகவே வந்தார். மூன்றாம் தரம் சாதாரண நல்ல ஆட்டக்காரர் ஒருவராக நின்றுவிட்டார், சாம் போவி வேறோர் அணியில் ஆட்டம் காட்டினார். அது பிழை இல்லை, இயல்பான அமைப்பில் உண்மை ஆட்டக்காரர்களின் வளர்ச்சியையும் அது குலுக்கித்தான் போடுகிறது, உண்மையில் நடந்த மாதிரியே நடக்கவேண்டும் என்றால் அமைப்பில் போய் மாற்றலாம். நான் மாற்றவில்லை. அந்த மூன்றாவது லீக்தான் எனக்குப் போர்ட்லண்ட்காரர் மேல் கொஞ்சம் இரக்கம் வரவைத்தது. அவர்கள் இருந்த அறையில் யாருக்கும் ஆறு கிண்ணம் தெரிந்திருக்கவில்லை.

இனி என் முறைப்பாடு. இந்த விளையாட்டை நான் இரண்டு வருடம் ஆடியிருக்கிறேன், ஆகவே சொல்ல உரிமை இருக்கிறது.

பாஸ்கட்போல் ஜிஎம் இந்தச் சண்டையில் நடுநிலை இல்லை. அது திறமையின் பக்கம் சாய்ந்து கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஆளின் பெயருக்குப் பக்கத்தில் கார்ட், ஃபோர்வேர்ட், சென்ரர் என்று போட்டிருக்கும், ஆனால் அது அவனுடைய உயரம், பந்தைத் தட்டிக்கொண்டு போகிற திறன் முதலானவற்றில் இருந்து கணினி தானாக ஒட்டிய அடையாளம். அணியின் மொத்தப் பலத்தைக் கணக்கிடும்போது ஆட்களைத் திறமை வரிசையில் நிறுத்தி, முதல் ஆளுக்கு ஆகக் கூடிய நிறை, அடுத்தவனுக்குக் கொஞ்சம் குறைவு, அப்படியே இறங்கிப் போகிறது. அதனால் ஒரே ஒரு பெரிய ஆள் கிடைத்தால் மூன்று நடுத்தர ஆட்களை விட அதிகப் பயன். இடத்துக்கு ஆள் தேடுகிறவன் இந்தக் கணக்கில் தொடக்கத்திலேயே தோற்றுவிட்டான்.

முழுக்க அப்படித்தான் என்று சொன்னால் அநியாயம். ஆட்களுக்குச் சில திறன் எழுத்துகள் ஒட்டியிருக்கும்: தூரத்தில் இருந்து மூன்று புள்ளி போடுகிறவன், பந்தைக் கையாளுகிறவன், பந்து கொடுக்கிறவன், வளையத்துக்குக் கீழே காவல் நிற்கிறவன், திரும்பி வருகிற பந்தைப் பிடிக்கிறவன் என்று. இவை ஒன்றோடொன்று சேர்ந்தால் அணிக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் வரும். பந்தைக் கையாள ஒருவனும் இல்லாமல் ஐந்து எறிகாரரை மட்டும் வைத்திருந்தால் அந்தக் கூடுதல் முழுதாகக் கிடைக்காது. இது நல்ல யோசனை, இடத்தை விட வேலையைப் பார் என்கிறது. ஆனால் உப்பு மாதிரித்தான், கறியின் ருசியைக் கூட்டும், கறி ஆகாது.

உண்மையில் இடம் என்பது இவ்வளவு இலேசானதா? எங்கள் வடக்கில் கூடைப்பந்தை விட வலைப்பந்துதான் வேரூன்றியது, பெண் பிள்ளைகள் மணல் தரையில் வெறுங்காலோடு ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வலைப்பந்தில் ஏழு பேர், ஏழு பேரின் நெஞ்சிலும் இடத்தின் எழுத்து. கோல் ஷூட்டரும் கோல் அட்டாக்கும் மட்டும்தான் எறியலாம், சென்ரருக்கு அந்த வட்டத்துக்குள் கால் வைக்கவே அனுமதி இல்லை. எங்கள் வடக்கில் இருந்து போன தர்ஜினி சிவலிங்கம் 2 மீற்றருக்கு மேல் உயரம், 2018-இல் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் வளையத்துக்குக் கீழே நின்றவர். உலகத்திலேயே ஆகத் திறமையான எறிகாரி மூன்று பேர் ஒரு அணியில் இருந்தாலும் மூன்றாவது ஆள் வாங்கிலில்தான் இருக்க வேண்டும், சட்டம் அப்படி. கூடைப்பந்தில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் சட்டம் இல்லை என்பதற்காக மூன்று சென்ரர் சேர்ந்து ஆட முடியும் என்று அர்த்தம் இல்லை.

பிலடெல்பியாவைப் பாருங்கள். 2013 டிராஃப்ட் இரவில் நெர்லன்ஸ் நோயலை மாற்றி வாங்கினார்கள். 2014-இல் மூன்றாவது ஆளாக ஜோயல் எம்பீட். 2015-இல் மூன்றாவது ஆளாக ஜஹ்லில் ஒகாஃபர். மூன்று வருடம், மூன்று பெரிய உருவம், எல்லாம் "இருப்பவர்களில் திறமையானவனை எடு" என்ற கணக்கில். எம்பீட் காயத்தால் முதல் இரண்டு பருவமும் ஆடவில்லை, அவர் வந்த பிறகு மூன்று பேருக்கும் வளையத்துக்குக் கீழே இடம் போதவில்லை. நோயல் டல்லஸுக்கு, ஒகாஃபர் புரூக்ளினுக்கு, இருவரும் 2017-இலேயே போய்விட்டார்கள். தேங்கி நின்ற பொருளுக்குச் சந்தையில் விலை விழும் என்று தெரியாதவர் யார், மரக்கறிச் சந்தைக்கு ஒருநாள் போனவனுக்கே தெரியும். ஆனால் எம்பீட் 2023-இல் லீக்கின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அந்தக் கணக்கு முழுத் தோல்வி இல்லை. பாஸ்கட்போல் ஜிஎம்மில் இப்படி மூன்று சென்ரரை நான் சேர்த்தபோது, எனக்கு அந்த நெரிசல் பெரிதாகத் தெரியவே இல்லை. வென்றுகொண்டே போனேன். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

டென்வர் இன்னொரு பக்கம். 2014-இல் யூசுஃப் நுர்கிச் என்ற சென்ரரை முதல் சுற்றில் வாங்கிக்கொண்டு, அதே டிராஃப்டில் 41-ஆவதாக இன்னொரு சென்ரரை எடுத்தார்கள். அந்த நேரம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, பெயர் அதற்குக் கீழே சின்னதாக வந்து போனது. நிக்கொலா யோகிச். பிறகு மூன்று தரம் சிறந்த ஆட்டக்காரர், 2023-இல் கிண்ணம். இரண்டு சென்ரரையும் சேர்த்து ஆட வைக்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை, 2017-இல் நுர்கிச்சைப் போர்ட்லண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எலிஸை மில்வோக்கிக்கு, நுர்கிச்சைப் போர்ட்லண்டுக்கு. விளங்குகிறதா? திறமையைப் பார்த்து எடு, இடத்தைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லுகிற எல்லோருக்கும் பின்னால் ஒரு சந்தை இருக்கிறது. கூடியதைக் கொடுத்துக் குறைந்ததை வாங்கலாம். பாஸ்கட்போல் ஜிஎம் அந்தச் சந்தையை இன்னும் இலேசாக்கி வைத்திருக்கிறது, எந்த அணியோடும் பேசலாம், "இன்னும் என்ன தந்தால் சம்மதம்" என்று ஒரு பொத்தானை அழுத்தினால் மற்ற அணி தானே சொல்லும், கோபிக்காது, வீட்டுக்கு வந்து கத்தாது. சந்தை அவ்வளவு சுலபமாக இருந்தால் இடத்தைப் பற்றி எவன் கவலைப்படுவான்?

மருமகனின் பள்ளிக்கூட அணியில் இந்தத் தத்துவம் முட்டுப்பட்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். பயிற்சிக்கு வருவது ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் ரியூசன் என்றால் வரமாட்டார்கள். ஆக உயரமான பொடியனுக்குப் பந்தே சரியாகப் பிடிக்கத் தெரியாது, ஆனால் அவன்தான் வளையத்துக்குக் கீழே நிற்கிறான். அவனை விட நல்லாக ஆடுகிற குள்ளமான பொடியன் ஒருவன் வாங்கிலில் இருக்கிறான். மருமகன் விளையாட்டில் படித்ததை நம்பிச் சேரிடம் போய், "சேர், திறமையான ஐஞ்சு பேரை இறக்குங்கோ, இடம் பாக்காதேங்கோ" என்று சொல்லியிருக்கிறான். சேர் கேட்டாராம்: "சரி, அப்ப வளையத்துக்குக் கீழ ஆர் நிக்கிறது? புதுக்குடியிருப்பில இருந்து ஒருத்தனை மாத்தி எடுப்பமோ?" மருமகன் அதைக் கோபத்தோடு வந்து சொன்னான். எனக்குச் சேரின் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. மாற்ற முடியாத இடத்தில் ஓட்டை ஓட்டைதான். ஆனாலும் அந்தக் குள்ளப் பொடியனைக் கொஞ்சமாவது இறக்கியிருக்கலாம் என்று சேரிடம் சொல்ல ஆசை, அதற்கு நான் யார்.

ஆகவே இந்த விளையாட்டைப் பயிற்சியாளர் ஒருவர் ஆடினால் ஒரு பாதி படிப்பார், மறுபாதியைப் பிழையாகப் படிப்பார். வயது, பொறுமை, ஒப்பந்தக் காலம், நாளைய வெற்றிக்காக மூன்று வருடத்துக்குப் பிந்திய வெற்றியை விற்கிற முட்டாள்தனம், இவற்றைப் படிக்க இதைவிட நல்ல இடம் நான் கண்டதில்லை. ஐந்து பேர் ஒரே தளத்தில் எப்படி ஒருவரோடு ஒருவர் முட்டாமல் நிற்பது என்பதைப் படிக்க இது இடம் இல்லை.

சின்னக் குறைகளும் சொல்கிறேன். போனில் ஆடலாம், ஆனால் அட்டவணைகள் அகலம், விரலால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும், கண் நோகும். லப்டொப் இருந்தால் அதுதான் சுகம். முழுக்க ஆங்கிலம். மருமகனின் ஆங்கிலம் இதனால் முன்னேறியது என்று அக்காவிடம் சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன், அது அரைவாசி உண்மை, அவனுக்கு இப்போது ஒப்பந்தம், சம்பள உச்சவரம்பு, மறுகட்டமைப்பு என்பதற்கெல்லாம் ஆங்கிலச் சொல் தெரியும், கடிதம் எழுதத் தெரியாது. தொடக்கத்தில் எழுத்துச் சுருக்கங்கள் தலையைச் சுற்றும், ஒரு கிழமை பொறுங்கள். முதலாளி உங்களிடம் வெற்றி, பிளேஓஃப், காசு மூன்றையும் பார்க்கிறார், மூன்றிலும் சறுக்கினால் துரத்துவார், அந்தப் பயம் இல்லாமல் ஆடவேண்டும் என்றால் அதையும் அணைக்கலாம். அணைக்காதீர்கள். துரத்துவார் என்ற பயம் இல்லாவிட்டால் எல்லோரும் கன்றுதான் வாங்குவார்கள், அதில் என்ன இருக்கிறது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலு கொடுப்பேன். இடம் என்பதற்கு இன்னும் கொஞ்சம் நிறை கொடுத்திருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.

போன சனிக்கிழமை மருமகனுக்குப் புது லீக்கில் இரண்டாவது இடம் கிடைத்தது. சென்ரர் இல்லாத அணி. பட்டியலில் 21 வயதுச் சென்ரர் ஒருவன், 19 வயதுக் கார்ட் ஒருவன், பழைய கதையேதான். நான் பக்கத்தில் இருக்க, என்னிடம் கேட்காமல் பெரியப்பாவிடம் போனான்.

"தாத்தா, கறவை மாடோ, கன்றோ?"

"எத்தினை வருசத்துக்குத் தீனி போட வேணும்?"

"மூண்டு."

"வீட்டில பால் கேக்கிற ஆக்கள் இருக்கினமோ?"

"ஓனர் இருக்கிறார். இன்னும் ரெண்டு வருசத்தில வெல்லாட்டில் என்னைத் துரத்திப்போடுவார்."

பெரியப்பா சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் முற்றத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப கறவை மாடுதான்" என்றார்.

மருமகன் தலையாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, கார்டை எடுத்தான்.